அகஸ்தியம்பள்ளி: ஓர் உப்பளச் சிற்றூரின் உழைப்பு வரலாறு

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில், வேதாரண்யத்துக்கும் கோடியக்கரைக்கும் இடையில் உள்ள அகஸ்தியம்பள்ளி, 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி தடையை மீறி உப்பு அள்ளிய ஊர் என்ற அளவிலேயே தமிழகத்தின் பொது நினைவில் இடம்பெற்றிருக்கிறது. அந்த நாளுக்கு முன்னும் பின்னும் அங்கே உப்பை விளைவித்தும் வாரியும் சுமந்தும் பிழைத்தவர்கள் அந்தப் புகழின் ஓரத்தில்கூட அரிதாகவே பேசப்படுகிறார்கள். கடந்த இருநூறு ஆண்டுகளில் இக்கடற்கரையின் உப்பின் மீதான அதிகாரம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும், பிரிட்டிஷ் அரசுக்கும், பின்னர் இந்திய அரசுக்கும் அதன் குத்தகைதாரர்களுக்கும் எனக் கைமாறி வந்துள்ளது. ஒவ்வொரு முறையும் உப்பை யார் எடுக்கலாம், யார் விற்கலாம், யாருக்கு வரி சேரும் என்ற கேள்விகளுக்குச் சட்டம் விடை கூறியதே தவிர, பாத்தியில் இறங்கி நிற்பவருக்கு விளைச்சலில் என்ன பங்கு என்ற கேள்வி பெரும்பாலும் சட்டத்துக்கு வெளியிலேயே விடப்பட்டது. அகஸ்தியம்பள்ளியின் வரலாற்றை உழைப்பின் வரலாறாகப் படிக்கும்போது தெளிவாகப் புலப்படுவது இந்த இடைவெளியே.

நிலமும் நீரும்

நாகப்பட்டினத்திலிருந்து தெற்கு நோக்கி ஏறக்குறைய நேராக இறங்கும் சோழமண்டலக் கடற்கரை, கோடியக்கரையில் திடீரென மேற்கே திரும்பிப் பாக் நீரிணையின் கரையாகிறது. இந்தத் திருப்பத்தின் உட்புறத்தில், வேதாரண்யத்திலிருந்து முத்துப்பேட்டைக் காயல் வரை, கடல் மட்டத்தை ஒட்டிய பெரும் சதுப்பு நிலம் ஒன்று பரந்து கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மழைநீரும் கடல்நீரும் புகுந்து ஏரிபோல் நிறையும் இச்சதுப்பு, கோடையில் வற்றும்போது மேற்பரப்பில் வெண்படலமாக உப்பைப் பூக்கச் செய்கிறது. மனித முயற்சி ஏதுமின்றி உருவாகும் இந்த உப்பைத்தான் பிரிட்டிஷ் நிர்வாக ஆவணங்கள் தானே விளையும் உப்பு என்று தனி வகையாகக் குறித்தன. நீரை எளிதில் உள்ளிழுக்காத களிமண் தரை, ஆண்டின் பெரும்பகுதி மழையற்ற வானம், இடைவிடாத கடற்காற்று ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடுவதே உப்புத் தொழிலுக்கு அடிப்படை என்பதால், பிற பயிர்களுக்கு ஒவ்வாத இந்நிலம் உப்புக்கு உகந்த நிலமாயிற்று.

சதுப்புக்கும் கடலுக்கும் இடையில் உள்ள மணல்மேடுகளில் தென்னையும் மாவும் புகையிலையும் முல்லையும் பயிராகின்றன. கரையோரக் குப்பங்களில் மீன்பிடித் தொழில் நடக்கிறது. உப்பளம் ஓய்ந்திருக்கும் மழை மாதங்களில் தோட்டக் கூலி, வயல் வேலை, மீன் சார்ந்த சிறுபணிகள் ஆகியவற்றில் கிடைத்ததைக் கொண்டு குடும்பத்தை ஓட்டுவது இப்பகுதியின் நெடுநாள் வழக்கம் என்பதால், உப்பளத் தொழிலாளி என்ற பெயர் ஒருவர் ஆண்டு முழுவதும் செய்யும் ஒரே வேலையைக் குறிப்பதாகக் கொள்ள இயலாது.

ஊரின் தொன்மைக்குச் சான்றாக நிற்பது, திருஞானசம்பந்தரின் தேவாரப் பதிகம் பெற்ற அகத்தியான்பள்ளிக் கோயில். உப்புத் தொழிலின் தொன்மைக்கான சான்றுகள் இந்த ஓர் ஊருக்கு உரியவையாக இல்லாவிட்டாலும், நெய்தல் நிலம் முழுமைக்கும் பொருந்துவன. சங்க இலக்கியம் காட்டும் உமணர், அதாவது வண்டித் தொடர்களில் உப்பை ஏற்றி உள்நாடு சென்று விற்ற வணிகர், கடற்கரையையும் மருத நிலத்தையும் இணைத்தவர்கள். உப்பை நெல்லுக்கு மாற்றி வந்த படகுகளைப் பட்டினப்பாலை காட்டுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளின் வரிப் பட்டியல்களில் உப்பாயம் என்ற வரி காணப்படுவதால், உப்பின் மீது அரசு கை வைப்பது ஆங்கிலேயர் கண்டுபிடித்த வழக்கம் அல்ல என்பதும் தெரிகிறது. ஆங்கிலேயர் ஆட்சி புதிதாகச் செய்தது, வரி என்ற பங்கீட்டை முழு ஏகபோகமாக மாற்றியதுதான்.

ஏகபோகமும் காவலும்

சென்னை மாகாணத்தில் உப்பு ஏகபோகம் 1805இல் இயற்றப்பட்ட ஒழுங்குமுறைச் சட்டத்தால் நிறுவப்பட்டது. அதன்படி உப்பைக் கம்பெனி அரசுக்காக மட்டுமே விளைவிக்க முடியும். விளைந்த உப்பு முழுவதும் கொட்டாரம் எனப்பட்ட அரசுக் கிடங்குகளில் ஒப்படைக்கப்பட வேண்டும். அரசு நிர்ணயித்த விலையில், அரசிடமிருந்து மட்டுமே வணிகர் அதை வாங்க முடியும். விளைவித்தவர்களுக்கு அளவுக்கு இவ்வளவு என்று வழங்கப்பட்ட தொகைக்கு, நிலவுடைமை வழக்கில் உழுகுடியின் பங்கைக் குறிக்கும் குடிவாரம் என்ற பெயரே வழங்கியது. நெல் விளைச்சலில் குடிவாரம் விளைச்சலோடு ஏறி இறங்கும் ஒரு பங்காக இருக்க, உப்பில் அது அரசு தன் விருப்பப்படி குறித்துத் தரும் கூலியாகச் சுருங்கிற்று. கொட்டாரத்தில் உப்பு தேங்கினால் அடுத்த பருவத்தில் உற்பத்தியைக் குறைக்க உத்தரவிடுவதும் அரசின் உரிமையாக இருந்ததால், வெயிலும் காற்றும் ஒத்துழைத்த ஆண்டிலும் பாத்திகள் சும்மா கிடக்க நேரலாம் என்ற நிலை உருவாயிற்று.

1876இல் அமைக்கப்பட்ட சென்னை உப்பு ஆணையத்தின் ஆய்வுக்குப் பின், ஏகபோகத்துக்குப் பக்கத்திலேயே கலால் முறை கொண்டுவரப்பட்டது. கலால் முறையில் உரிமம் பெற்றவர் தம் பொறுப்பில் உப்பை விளைவித்து, அரசுக்கு வரி செலுத்திய பின் வணிகருக்கு நேரடியாக விற்கலாம். ஆனால் விளைநிலத்தைச் சுற்றிக் காவல், எடை போடுவதற்கு அதிகாரி, கிடங்குக்கு அரசுப் பூட்டு ஆகியவை இருந்தே தீர வேண்டும். 1882ஆம் ஆண்டின் இந்திய உப்புச் சட்டமும் 1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டமும் இந்த அமைப்பை உறுதிப்படுத்தின. உரிமம் இன்றி உப்பு விளைவிப்பது மட்டுமன்றி, உவர்மண்ணைக் கரைத்து வடித்து உப்பெடுப்பதும், இயற்கையாகப் பூத்த உப்பைச் சுரண்டி எடுப்பதும் குற்றமாயின. தானே விளையும் உப்பு நிறைந்த சதுப்புகளில் அதைக் காத்து நிற்பதும், மக்கள் கைக்கு எட்டாதபடி மண்ணோடு கலந்து அழிப்பதும் உப்புத் துறைக் காவலர்களின் வழக்கமான பணியாகிவிட்டதால், வாசலில் உப்பு விளையும் ஊரார் கடைக்குப் போய் வரி சேர்த்த விலை கொடுத்து உப்பு வாங்கும் நிலைக்குத் தள்ளப்பட்டனர்.

வரியின் சுமையை அளவிட ஒரு கணக்கு உதவும். இந்தியா முழுவதற்கும் பொதுவான உப்பு வரி 1888இல் ஒரு மணங்குக்கு, அதாவது ஏறத்தாழ 37 கிலோவுக்கு, இரண்டரை ரூபாயாக இருந்தது; 1907இல் ஒரு ரூபாயாகக் குறைக்கப்பட்டது; 1923இல் மத்திய சட்டமன்றத்தின் எதிர்ப்பை மீறி வைஸ்ராய் ரீடிங் தம் சிறப்பு அதிகாரத்தால் அதை மீண்டும் இரண்டரை ரூபாயாக உயர்த்தினார்; மறு ஆண்டே அது ஒன்றே கால் ரூபாய்க்கு இறங்கிற்று. உப்பை விளைவிக்கும் செலவோ மணங்குக்குச் சில அணாக்களுக்குள் அடங்கிவிடும் என்பதால், விலையின் பெரும்பகுதி அரசுக்கும் மிகச் சிறுபகுதி விளைவித்தவருக்கும் சேர்ந்தது.

வேதாரண்யம் வட்டாரத்து உப்பு வெளியே செல்ல நீர்வழியே முதலில் துணைநின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் பயன்பாட்டுக்கு வந்த வேதாரண்யம் கால்வாய் வழியாக உப்பேற்றிய தோணிகள் நாகப்பட்டினத்துக்குச் சென்றன. பின்னர் திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்த மீட்டர் கேஜ் இருப்புப்பாதை அந்த வேலையை எடுத்துக்கொண்டது. தோணிக்கும் வண்டிக்கும் சரக்கு வேகனுக்கும் உப்பை ஏற்றி இறக்கும் சுமைப் பணி, பாத்தி வேலைக்கு அடுத்தபடியாகக் கூலி தந்த தொழிலாக அமைந்தது.

பாத்தியில் ஓராண்டு

ஆட்சிகள் மாறினாலும் உப்பு விளையும் முறை அடிப்படையில் மாறவில்லை என்பதால், தொழிலாளியின் ஆண்டு எப்படிக் கழிகிறது என்பதைப் பார்ப்பது இத்தொழிலின் பொருளியலைப் புரிந்துகொள்ள அவசியமாகிறது. மழை ஓய்ந்த தை மாதத்தை ஒட்டி வேலை தொடங்குகிறது. மழைநீரை வடித்து, கரைந்துபோன வரப்புகளை மண் போட்டு உயர்த்தி, படிந்த சேற்றை அள்ளி வெளியேற்றிய பின், உப்பு இறங்கும் பாத்திகளின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். தரை இறுகாவிட்டால் உப்புநீர் கீழே கசிந்து வீணாவதோடு, வாரும்போது மண்ணும் கூடவே வந்து உப்பின் நிறத்தைக் கெடுத்து விலையைக் குறைத்துவிடும். உப்பே இல்லாத இந்த வாரங்களின் உழைப்புதான் அந்த ஆண்டு விளையப்போகும் உப்பின் தரத்தை முடிவு செய்கிறது.

தரை தயாரானதும் கடல்நீரோ நிலத்தடி உவர்நீரோ பெரிய தேக்கப் பாத்தியில் நிரப்பப்பட்டு, அங்கிருந்து ஒன்றைவிட ஒன்று சிறிதான பாத்திகளின் வழியே மெல்ல நகர்த்தப்படுகிறது. நீரின் அடர்த்தியைப் போமே என்ற கருவியால் அளந்து டிகிரிக் கணக்கில் சொல்வது வழக்கம். மூன்று டிகிரியை ஒட்டிய கடல்நீர் வெயிலில் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்புச் சத்தும் அடுத்து ஜிப்சமும் படிந்துவிட, ஏறத்தாழ 25 டிகிரியில்தான் சமையலுப்பு படிகமாக இறங்கத் தொடங்குகிறது. அதற்குள் நீரில் பத்தில் ஒன்பது பங்கு ஆவியாகியிருக்கும். 30 டிகிரியை நெருங்கும்போது மக்னீசிய உப்புகளும் சேர்ந்து இறங்கிச் சரக்கைக் கசப்பாக்கும் என்பதால், அதற்கு முன்பே எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். நீரை எப்போது திறப்பது, எந்த அளவில் கட்டுவது, எப்போது வடிப்பது என்பனவற்றைக் கருவி இல்லாத காலத்தில் பாத்தியின் நிறத்தையும் மேலே மிதக்கும் படலத்தையும் பார்த்தே முடிவு செய்தார்கள். கூலிப் பட்டியலில் சாதாரண உடலுழைப்பாக எழுதப்படும் இவ்வேலையில் இத்தகைய கைத்தேர்ச்சி அடங்கியிருப்பது அந்தப் பட்டியலில் பதிவாவதில்லை.

உப்பு இறங்கிய பின் வாருதல் நடக்கிறது. நீண்ட கைப்பிடி பொருத்திய வாருபலகையால், தரையைக் கீறாமல் உப்பின் மேலடுக்கை மட்டும் இழுத்து வரப்போரம் குவிக்க வேண்டும். ஈரம் வடிந்ததும் அதைக் கூடையிலோ சட்டியிலோ நிரப்பித் தலைச்சுமையாக மேட்டுக்குக் கொண்டுசென்று அம்பாரமாகக் கொட்டி, மழைக்குத் தப்பப் பனையோலையோ தென்னங்கீற்றோ வேய்ந்து மூடுகிறார்கள்; அண்மைக் காலத்தில் தார்ப்பாய் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. வாருவது பெரும்பாலும் ஆண்களுக்கும், குறுகிய வரப்புகளில் சுமை தூக்கி நடப்பது பெரும்பாலும் பெண்களுக்கும் எனப் பணி பிரிந்து, அந்தப் பிரிவினையை ஒட்டிப் பெண்களுக்குக் குறைந்த கூலி என்ற வழக்கமும் வேரூன்றியது. வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெண்மையில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கூசச் செய்யும் என்பதால், விடியலுக்கு முன்பே பாத்தியில் இறங்கி, நண்பகலுக்கு முன் கரையேறுவது வழக்கம்.

சித்திரை முதல் ஆவணி வரையிலான உச்சப் பருவத்தில் ஒரு கோடைமழை பெய்தாலும் பாத்தியில் இருந்த உப்பு கரைந்து, அடர்த்தியேறிய நீரும் நீர்த்துப்போய், மறுபடி வாரும் நிலை வர ஒரு வாரத்துக்கும் மேலாகும். நெற்பயிருக்கு வரமாகும் மழை உப்பளத்துக்கு நட்டம் என்பதால், ஒரே வட்டத்தில் உழவரும் உப்பளத்தாரும் ஒரே வானத்தை எதிரெதிர் வேண்டுதல்களோடு பார்க்கிறார்கள். ஐப்பசியில் பருவமழை தொடங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்க, வேலை முற்றாக நின்றுவிடுகிறது. இந்த மூன்று மாத இடைவெளியே உப்பளத் தொழிலின் கடன் கணக்குகளுக்குப் பிறப்பிடம். மழைக்காலத்தில் வாங்கும் முன்பணம் அடுத்த பருவத்தில் குறிப்பிட்ட அளத்திலேயே வேலை செய்யும் கடப்பாட்டை உண்டாக்குவதால், கூலியைப் பேசி உயர்த்தும் வாய்ப்பு பருவம் தொடங்கும் முன்பே குறைந்துவிடுகிறது.

1930: சட்டமும் கைப்பிடி உப்பும்

தண்டி யாத்திரையின் தமிழக வடிவமாக, 1930 ஏப்ரல் 13 அன்று, சித்திரைப் புத்தாண்டு நாளில், ராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியில் டி. எஸ். எஸ். ராஜன் இல்லத்திலிருந்து புறப்பட்டனர். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகச் சென்ற இந்த யாத்திரைக்கு வேதாரண்யம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு, அங்கிருந்த உப்பளங்களோடு, அவ்வூர்க் காங்கிரஸ்காரர் அ. வேதரத்தினம் பிள்ளை திரட்டியிருந்த உள்ளூர் ஆதரவும் முக்கியக் காரணமாக இருந்தது. தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் ஜே. ஏ. தோர்ன் அறிவித்தபோது, வழியோர ஊர்களின் மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டு, கொடுத்தவர் யார் என்று சொல்ல முடியாதபடி செய்தார்கள். 28ஆம் தேதி வேதாரண்யத்தை அடைந்த குழு, 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பை அள்ளியது. ராஜாஜி கைதாகி ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். தொடர்ந்த போராட்டத்தில் ருக்மணி லட்சுமிபதியும் சிறைசென்றார். வேதரத்தினம் பிள்ளை சிறைத்தண்டனையோடு சொத்துப் பறிமுதலுக்கும் ஆளானார்.

பாத்தியில் விளைந்த உப்பும் சதுப்பில் தானே பூத்த உப்பும் சட்டத்தின் கண்ணில் ஒரே அரசுடைமை என்ற விதியை இந்த நிகழ்வு மக்கள் முன் கேள்விக்குள்ளாக்கியது. 1931 மார்ச் 5இல் கையெழுத்தான காந்தி–இர்வின் ஒப்பந்தம், உப்பு கிடைக்கும் இடங்களை ஒட்டிய ஊர்களின் மக்கள் தம் வீட்டுத் தேவைக்கும் அவ்வூருக்குள் விற்பதற்கும் உப்பைச் சேகரிக்கவோ விளைவிக்கவோ இசைந்தது. ஊருக்கு வெளியே உள்ளவர்களோடு வாணிபம் செய்வதை அது அனுமதிக்கவில்லை. அகஸ்தியம்பள்ளி போன்ற ஊருக்கு இதன் பொருள், அடுப்படிக்குத் தேவையான உப்பு குற்றமற்றதாயிற்று என்பதும், பிழைப்புக்குத் தேவையான உப்பு பழையபடி உரிமத்துக்கும் வரிக்கும் உட்பட்டே இருந்தது என்பதுமே. உரிமதாரருக்காகப் பாத்தியில் கூலிக்கு நின்றவரின் நாள் வருமானம் ஒப்பந்தத்தின் பேசுபொருளாக இருக்கவில்லை.

வரி நீங்கிய பின்

1947 ஏப்ரலில், சுதந்திரத்துக்குச் சில மாதங்களுக்கு முன், இடைக்கால அரசு உப்பு வரியை நீக்கியது. அடுத்த ஆண்டு முதல் 10 ஏக்கர் வரையிலான அளங்களை உரிமமின்றி நடத்தலாம் என்ற தளர்வு வந்ததால், சிறு உற்பத்தியாளர் என்ற புதிய அடுக்கு உருவாயிற்று. எனினும், அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உப்பு உற்பத்திக் கட்டுப்பாடு மத்தியப் பட்டியலில் 58ஆம் பதிவாக வைக்கப்பட்டதோடு, பழைய உப்புத் துறையின் நிலங்களும் மத்திய அரசின் உடைமையாகவே தொடர்ந்தன. குத்தகை புதுப்பிக்கப்படுமா, வாடகை எவ்வளவு என்பனவற்றைத் தொலைவில் உள்ள அலுவலகம் முடிவு செய்யும் நிலையில், சிறு உற்பத்தியாளர் பாத்திக்குச் செலவிட்டு நீண்டகால மேம்பாடு செய்யத் தயங்குவது இயல்பே.

இன்று அகஸ்தியம்பள்ளி, கோடியக்காடு, கடினல்வயல் ஆகிய ஊர்களைச் சுற்றி ஏறத்தாழ 9,000 ஏக்கரில் உப்பு விளைகிறது. தமிழகத்தில் தூத்துக்குடிக்கு அடுத்த இடம் வேதாரண்யத்துக்கே. இப்பரப்பில் ஒரு பகுதி சமையலுப்பை விளைவிக்கும் சிறு உற்பத்தியாளர்களிடமும், பெரும்பகுதி காஸ்டிக் சோடா, குளோரின் முதலியவற்றுக்கு மூலப்பொருளாகும் ஆலை உப்பை விளைவிக்கும் பெரு நிறுவனங்களிடமும் உள்ளது. நிறுவன அளங்களில் எந்திரங்கள் வாரவும் ஏற்றவும் தொடங்கியபோது நாள்கூலி வேலை சுருங்கியது. 2006இல் அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்பது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டதால், அயோடின் கலக்கும் ஆலையும் பொட்டலமிடும் வசதியும் இல்லாத சிறு உற்பத்தியாளர் தம் உப்பை ஆலை உடையவரிடம் விற்க வேண்டியவரானார். கழலை நோயைத் தடுக்கும் பொதுநல நோக்கில் வந்த இவ்விதி, விலை பேசும் இடத்தைப் பாத்தியிலிருந்து மேலும் தள்ளி வைத்தது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், பாத்திகளில் கடல் சேற்றைக் கொண்டுவந்து குவித்தும், மூடி வைத்திருந்த அம்பாரங்களைக் கரைத்தும் சென்றது. சேற்றை அகற்றித் தரையை மீண்டும் இறுக்கும் செலவு குத்தகைதாரரைச் சார்ந்தது. வேலையில்லாத நாட்களின் இழப்போ தொழிலாளியைச் சார்ந்தது. மீட்டர் கேஜ் ரயில் நின்றுபோன பின் நெடுங்காலம் லாரிகளை நம்பியிருந்த இவ்வூருக்கு, திருத்துறைப்பூண்டியிலிருந்து 37 கிலோமீட்டர் அகலப்பாதை 2023 ஏப்ரல் 8 அன்று திறக்கப்பட்டது.

உடலும் பங்கும்

உப்பளத் தொழிலாளரின் உடல்நலச் சிக்கல்கள் வேலையின் தன்மையிலிருந்தே எழுகின்றன. இடைவிடாத கூச்சொளியால் கண்பார்வை மங்குதல், உப்புநீரில் ஊறிய பாதங்களில் வெடிப்பும் ஆறாத புண்ணும், தலைச்சுமையால் கழுத்து, முதுகு வலி, வெயிலில் உடல்நீர் வற்றுதல் ஆகியவை பொதுவானவை. நல்ல தண்ணீர் கிடைப்பது அரிதான உவர்நிலத்தில், குடிப்பதற்கும் வேலை முடிந்து கை கால் அலம்புவதற்கும் தேவையான நீர்கூட வீட்டிலிருந்து சுமந்து வர வேண்டிய பொருளாகிறது. கண்ணாடியும் காலணியும் வழங்கினால் தீரும் என்று எளிதாகச் சொல்லப்பட்டாலும், வழுக்கும் பாத்தியில் தரையின் இறுக்கத்தைப் பாதத்தால் உணர்ந்து நடப்பவருக்குப் பொருந்தும் காலணி என்பது தனி வடிவமைப்பை வேண்டும் பொருள்.

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்க்கை ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ நாவல் வழியாக இலக்கியத்தில் இடம்பெற்றது. வேதாரண்யம் உப்பளமோ பெரிதும் சத்தியாகிரகத்தின் வழியாகவே எழுதப்பட்டது. அகஸ்தியம்பள்ளியில் எழுப்பப்பட்ட நினைவுத் தூண் உப்பை எடுக்கும் உரிமைக்கான சின்னம். அந்த உரிமை 1947இன் வரி நீக்கத்தோடும் அடுத்த ஆண்டின் உரிமத் தளர்வோடும் பெருமளவு கிடைத்துவிட்டது. அதன்பின் எஞ்சியது பங்கு பற்றிய கேள்வி. மழைக்கால வேலையின்மையை ஈடுசெய்யத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கத் தொடங்கியிருப்பது, உப்புப் பருவத்தின் இடைவெளியை அரசு தன் பொறுப்பாக முதன்முறை ஏற்றுக்கொண்டதன் அடையாளம் என்ற வகையில் குறிப்பிடத்தக்கது. ஆயினும் முன்பணக் கடனை வெல்லும் அளவுக்கு அத்தொகை உயர்வதும், குத்தகை நிலத்தில் சிறு உற்பத்தியாளரின் உரிமை உறுதிப்படுவதும், பெண்களின் சுமைக்கும் ஆண்களின் வாருதலுக்கும் சமமான மதிப்பு கிடைப்பதும் ஆகிய மூன்றும் நிறைவேறும்போதுதான், 1805இல் கூலியாகச் சுருங்கிய குடிவாரம் மீண்டும் விளைச்சலின் பங்காக மாறியது என்று கூற முடியும்.